மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி உதவிப்பணம் உண்டு: யாழ்ப்பாணத்தில் முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஷெல் பட்டுக் காலை இழந்த ஒருவர் உதவிப்பணம் கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனால், அவருக்கு என்ன குறை என்று யாரும் கேட்பதில்லை. இருபது வயதில் உளநோய் வந்து, நாற்பது வயதிலும் மாத ஊசியோடு வாழும் ஒருவர் அதே மேசைக்கு முன்னால் போய் இருந்தால், முதல் கேள்வியே "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்?" என்பதுதான். பல குடும்பங்கள் அந்தக் கேள்வியோடு எழும்பி வீட்டுக்கு வந்துவிடுகின்றன. அயலுக்குத் தெரிந்துவிடும், தங்கச்சியின் கலியாணம் குழம்பும் என்ற பயத்தில் போகாமலே இருக்கும் குடும்பங்கள் அதைவிட அதிகம். இந்த இரண்டு வகையினரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேசைக்கு முன்னால் இருக்கும்போது அது முதுகெலும்பைத் தரும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், உடல் ஆற்றலில் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைபாட்டால் வாழ்க்கைக்குத் தேவையானவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தானாகச் செய்துகொள்ள முடியாதவரை மாற்றுத்திறனாளி என்கிறது. பிறவியிலேயே வந்ததா, பிறகு வந்ததா என்பது பொருட்டில்லை. ஆகவே உளநோய் இதற்குள் அடங்கும். முழுதாக முடங்கிப் படுக்கையில் கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதுவும் நீண்டகால உளப் பாதிப்பைச் சேர்த்தே பேசுகிறது.

அப்படியானால் ஏன் மறுக்கிறார்கள்? பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை. கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டைக் கடதாசியில்தான் காட்ட முடியும், அந்தக் கடதாசியை நாங்கள் சரியாகத் தயாரிப்பதில்லை. கீழே வருகிற படிகளில் பாதிக்கு மேல் அந்தக் கடதாசியைப் பற்றியவைதான்.

சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள்

உதவிப்பணம் அவருடையது, விண்ணப்பமும் அவருடையது. அவருக்குச் சொல்லாமல் பின்னால் படிவம் நிரப்புவது அநியாயம். அவருக்குத் தெரியவரும்போது வீட்டாரிலும் மருந்திலும் நம்பிக்கை போய்விடும். தனக்கு நோய் இருக்கிறது என்பதையே ஏற்காதவர்கள் உண்டு. அவர்களோடு நோயின் பெயரை வைத்து வாதாட வேண்டாம். "நித்திரை வரேல்லை, வேலைக்குப் போக ஏலாமல் கிடக்குது எண்டு சொல்லுறியள்தானே, அதுக்கு அரசாங்கம் ஒரு உதவி குடுக்குது" என்று, அவரே ஒத்துக்கொள்ளும் கஷ்டத்தில் இருந்து தொடங்குங்கள். கையெழுத்து வைக்கக்கூடியவர் என்றால் அவரே வைக்கட்டும். கடும் நோயில் இருக்கும் வாரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

அடையாள அட்டை

தேசிய அடையாள அட்டை இல்லாமல் ஒன்றும் நகராது. இடப்பெயர்வில் தொலைத்தவர்களும், நோய் தொடங்கிய வயதிலேயே வீட்டுக்குள் இருந்துவிட்டதால் எடுக்காமலே விட்டவர்களும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைப் பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் எடுத்து, கிராம அலுவலர் ஊடாக அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பிறப்பே பதியப்படாதவருக்குக் காலங்கடந்த பதிவுக்கு வழி இருக்கிறது. இது மாதக்கணக்கில் இழுபடக்கூடியது என்பதால் மற்ற வேலைகளுக்கு முன்னால் இதைத் தொடங்கிவிடுங்கள்.

கிளினிக் கொப்பியைச் சாட்சியாக்குங்கள்

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. வேறு வைத்தியசாலைகளிலும் கிளினிக் நடக்கிறது. அரச வைத்தியசாலையில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். தனியார் இடத்தில் மட்டும் காட்டிவந்தவர்கள் அரச கிளினிக் ஒன்றிலும் பதிந்துகொள்ளுங்கள். உதவிப்பண விண்ணப்பத்தின் மருத்துவப் பகுதியை அரச வைத்தியர் நிரப்ப வேண்டும். முதல்முறை பார்க்கும் ஆளுக்கு நீண்டகாலப் பாதிப்பு என்று எந்த வைத்தியரும் எழுதித் தரமாட்டார், அது சரியும்கூட.

கிளினிக்கில் எங்கள் ஆட்கள் ஒன்று செய்வார்கள். டொக்டர் "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால், தாய் "பரவாயில்லை சேர்" என்பார். வரிசையில் பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள், டொக்டரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற மரியாதை. டொக்டர் கொப்பியில் 'ஸ்டேபிள்' என்று எழுதி மருந்தைத் தொடரச் சொல்வார். இப்படி ஐந்து வருடம் 'ஸ்டேபிள்' என்று எழுதிய கொப்பியைக் கொண்டுபோய், இவருக்கு உழைக்க முடியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நோய் கூடவில்லை என்பதைத்தான் டொக்டர் அப்படிக் குறிக்கிறார். காலையில் பல் துலக்கவே அம்மா மூன்று தரம் சொல்ல வேண்டியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் வீட்டில் ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். நோயின் பெயர் அதில் தேவையில்லை. அந்த மாதம் என்ன செய்ய முடிந்தது, என்ன முடியவில்லை என்று எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் இயலாமையை அளக்கப் பயன்படுத்தும் 36 கேள்விப் பட்டியல் கடந்த 30 நாளை வைத்துத்தான் கேட்கிறது. விளங்கிக்கொள்வதும் பேசுவதும், நடமாடுவது, தன்னைத் தானே பராமரிப்பது, ஆட்களோடு பழகுவது, வீட்டுவேலை அல்லது தொழில், ஊர் அலுவல்களில் பங்கெடுப்பது என்று ஆறு பக்கம் அதற்கு உண்டு. அந்த ஆறையும் வைத்து எழுதினால் எதுவும் விடுபடாது.

எழுதும்போது எங்கள் ஊர் வாழ்க்கையில் இருந்து எழுதுங்கள். "வெங்காயத் தோட்டத்துக்கு இரண்டு நாள் போனார், மூன்றாம் நாள் மற்றவர்கள் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று பாதியில் வந்துவிட்டார்." "சொன்னால் குளிப்பார், சொல்லாவிட்டால் ஒரு கிழமையும் குளிக்கமாட்டார்." "அடுப்பை மூட்டிவிட்டு மறந்து போகிறா, பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்." "கோயில் திருவிழாவுக்கு மூன்று வருடமாகப் போகவில்லை." "பஸ்ஸில் தனியாகப் போனால் வேறு இடத்தில் இறங்கிவிடுகிறார்." இப்படி.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அக்கா வீட்டில் சமைக்கிறா, முற்றம் கூட்டுகிறா, அதனால் அவவுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டாரே நினைத்துவிடுகிறார்கள். யார் அரிசியை அளந்து கொடுக்கிறார்கள், யார் நெருப்பைப் பார்க்கிறார்கள், அந்த உதவி இல்லாத நாளில் என்ன நடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அப்போதுதான் உண்மை நிலை தெரியும்.

நல்ல நாட்களையும் எழுதுங்கள். உளநோய் ஏறி இறங்கும். நன்றாக இருந்த இரண்டு மாதத்தை மறைத்தால் அதை அயலில் யாராவது சொல்வார்கள், பிறகு மிச்சம் எல்லாமே பொய்யாகத் தெரியும். "வருடத்தில் இத்தனை மாதம் சமாளிக்கிறார், இத்தனை மாதம் முடியாமல் போகிறது, எப்போது முடியாமல் போகும் என்று சொல்ல ஏலாது, அதனால் எந்த முதலாளியும் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை" என்பது, எப்போதும் படுத்த படுக்கை என்று சொல்வதைவிட உண்மை. அதிகாரிகளும் அதைத்தான் நம்புவார்கள். மிகைப்படுத்தாதீர்கள். பொய்யாக எழுதி உதவி எடுக்கும் ஒவ்வொருவரும், அடுத்துப் போகும் உண்மையான நோயாளியைச் சந்தேகத்துக்குள் தள்ளுகிறார்.

வைத்தியரிடம் என்ன கேட்பது

கிளினிக் நாளில் படிவத்தை நீட்டி உடனே நிரப்பச் சொல்வது சரிவராது. முதல் தடவை போகும்போதே, அடுத்த கிளினிக்குக்குப் படிவம் கொண்டுவரலாமா என்று கேளுங்கள். வீட்டுக் கொப்பியில் இருந்து ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுங்கள். வாட்டில் மறித்து வைத்திருந்த காலத்து நோய் நிர்ணய அட்டைகள் எல்லாவற்றின் போட்டோக் கொப்பியும் கையில் இருக்கட்டும். இந்தியாவில் முகாமில் இருந்து திரும்பியவர்கள் அங்கே காட்டிய வைத்தியசாலையின் மருந்துத் துண்டுகளையும் எடுத்துப் போங்கள். எப்போது தொடங்கியது என்பதற்கு அவை சாட்சி.

"ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர், சிகிச்சை பெறுகிறார்" என்று மட்டும் எழுதிய கடிதம் நோயைச் சொல்கிறது, இயலாமையைச் சொல்வதில்லை. "பல வருடங்களாகத் தொடரும் நோய், ஒழுங்காக மருந்து எடுத்தும் ஆர்வமின்மையும் கவனக்குறைவும் தொடர்கின்றன, நாளாந்த வேலைகளுக்கு இன்னொருவரின் தூண்டுதல் தேவை, தொடர்ச்சியான தொழில் செய்ய முடியாது" என்று இருந்தால் அதே ஆளின் நிலை விளங்கும். வைத்தியருக்கு நீங்கள் வசனம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். "அவரால் என்ன செய்ய முடியாமல் இருக்கிறது என்பதையும் கொஞ்சம் எழுதுவீர்களா?" என்று கேட்டால் போதும். கிளினிக்கில் உள்ள உளநல மருத்துவ உத்தியோகத்தரோ சமூகப் பணியாளரோ இதற்கு நிறைய உதவுவார்கள், அவர்களைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

எந்த உதவி, எந்த அலுவலகம்

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் மாதாந்த உதவிப்பணம்தான் பிரதானமானது. வருமானம் குறைந்த குடும்பத்தில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு அது. 2024 இல் 7,500 ரூபாவாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்த்தினார்கள். கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன, நெடுந்தீவுக்கும் தனியாக உண்டு. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நேரே போனாலும் திருப்பி இங்கேதான் அனுப்புவார்கள்.

விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், உறுதிப்படுத்தலும் தேவைப்படும். அயலில் கதை பரவும் என்று பயப்படுபவர்கள், முதலில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் தனியாகப் பேசுங்கள். மருத்துவ விபரத்தை மூடிய உறையில் கொடுக்கலாம். விதானையார் உறுதிப்படுத்துவது வதிவிடத்தையும் குடும்ப நிலையையும்தான். நோயின் வரலாறு முழுவதையும் ஆட்கள் நிறைந்த வரிசையில் நின்று அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் அஸ்வெசும உதவி வேறு. அது 2023 இல் தொடங்கியது, குடும்பத்தின் வறுமையை 22 அளவுகோல்களால் அளக்கிறது. அஸ்வெசும எடுக்கும் வீடு என்பதற்காக மாற்றுத்திறனாளி உதவியைக் கேட்காமல் விடாதீர்கள். கணக்கெடுக்க வருபவரிடம் வீட்டில் நீண்டகால நோயாளி இருப்பதையும் சொல்லுங்கள். வெட்கத்தில் அதை மறைத்துத் தகுதியை இழந்த வீடுகள் உண்டு. வடமாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் மாதாந்தப் பொதுசன உதவியும் இருக்கிறது, தொகை சிறியது. எது யாருக்குப் பொருந்தும் என்று அதே உத்தியோகத்தரிடமே கேளுங்கள்.

இன்னும் இரண்டு வழிகளைப் பலர் நினைப்பதே இல்லை. தனியார் வேலை செய்து ஊழியர் சேமலாப நிதி (EPF) சேர்ந்திருந்தால், நிரந்தரமாக வேலை செய்ய முடியாத உடல், உள நிலை என்ற மருத்துவக் காரணத்தில் ஓய்வு வயதுக்கு முன்பே அதை எடுக்கலாம். அதற்குத் தொழில் அலுவலகத்தை நாடுங்கள். மற்றது, தாயோ தகப்பனோ அரச ஊழியராக இருந்து காலமாகியிருந்தால், உழைக்க முடியாத பிள்ளைக்கு வளர்ந்த பின்னும் அநாதைகள் ஓய்வூதியம் கிடைக்க இடமுண்டு. வாத்தியார், கிளாக்கர் குடும்பங்கள் நிறைந்த யாழ்ப்பாணத்தில் இது எத்தனையோ பேருக்குப் பொருந்தும். அங்கே நோய் எந்த வயதில் தொடங்கியது என்பது பெரிய கேள்வி, ஆகவே பழைய துண்டுகளை எறியாதீர்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலக ஓய்வூதியப் பிரிவில் விபரம் கேட்டு வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் காசு

வருமானப் பகுதி நிரப்பும்போது இந்தக் கேள்வி வராத வீடு எங்கள் ஊரில் குறைவு. அண்ணன் கனடாவில், மாமா சுவிஸில். ஒளிக்க வேண்டாம். ஆனால் இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்: மாதாமாதம் வருகிறதா, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமா, வீடு கட்ட எடுத்த கடனுக்கா, நோயாளியின் செலவுக்கா. "வெளியில ஆக்கள் இருக்கினம்தானே" என்று ஒரே வசனத்தில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. முறையாகக் கணக்குக் காட்டினால்தான் அந்த வசனத்துக்குப் பதில் சொல்லலாம். நோயாளிக்கான செலவையும் காட்டுங்கள்: கிளினிக்குக்குப் பஸ், துணைக்குப் போகிறவரின் ஒருநாள் கூலி, வெளியில் வாங்கச் சொன்ன மருந்து.

வீடு பார்க்க வரும் நாள்

உத்தியோகத்தர் வருகிறார் என்றதும் வீட்டைக் கழுவி, அவருக்கு வெள்ளைச் சேட் போட்டு, தலை இழுத்து, கதிரையில் இருத்தி வைப்பார்கள். விருந்தினரை வரவேற்கும் நல்ல பழக்கம்தான். வருபவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நல்லாத்தானே இருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போவார். அன்றாடம் இருப்பது போலவே இருங்கள். நோயாளியை நடிக்கச் சொல்வதும் தப்பு. அவருக்கு முன்னால் அவரின் குறைகளை அடுக்குவது அதைவிடத் தப்பு. உத்தியோகத்தரைப் படலை வரை கூட்டிக்கொண்டு போய்த் தனியாகச் சொல்லுங்கள், வீட்டுக் கொப்பியைக் காட்டுங்கள்.

விண்ணப்பம் கொடுத்த பிறகு

கொடுக்கும் எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட திகதியும் பதிவு இலக்கமும் கேளுங்கள். தகுதி இருந்தும் நிதி ஒதுக்கீடு போதாமல் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கிடப்பது இந்த உதவியில் நீண்டகாலமாக உள்ள விஷயம். தகுதி இல்லை என்பதும், தகுதி உண்டு ஆனால் வரிசையில் நிற்கிறீர்கள் என்பதும் இரண்டு வேறு பதில்கள். எது என்று தெளிவாகக் கேளுங்கள். இரண்டாவது என்றால் உங்கள் இடம் எத்தனையாவது, கடைசியாகப் புதியவர்களை எப்போது சேர்த்தார்கள் என்றும் கேட்கலாம்.

மறுத்தால், எழுத்தில் காரணம் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை யாரிடமும் மேன்முறையீடு செய்ய முடியாது. தரவில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அதே பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் விண்ணப்பத்தில் என்ன எழுதப்பட்டது, எந்த விதிப்படி நிராகரிக்கப்பட்டது, எங்கள் பிரிவில் காத்திருப்போர் எத்தனை பேர் என்று மூன்று கேள்வி போதும். இந்தக் கேள்விகளைக் கேட்டவுடனேயே பல பைல்கள் தட்டி எடுக்கப்படுகின்றன என்பது என் அனுபவம்.

உளநோய் என்ற காரணத்தாலேயே படிவம் தர மறுத்தார்கள், "இது கை கால் ஏலாத ஆக்களுக்குத்தான்" என்று திருப்பி அனுப்பினார்கள் என்றால் அது பாரபட்சம். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பைச் சொல்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு, தொலைபேசி 1996. முறைப்பாட்டுக்குக் காசு இல்லை, தமிழிலேயே எழுதலாம். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவாகப் போவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். அதனால் மறுப்புக் கிடைத்த முதல் வாரத்திலேயே ஆணைக்குழுவையோ சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தையோ பாருங்கள்.

இந்த அலைச்சலில் நோயாளிக்கோ பார்ப்பவருக்கோ முடியாமல் போனால் 1926 க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிறுவனத்திலும் உளவளத்துணை பெறலாம்.

காசு வரத் தொடங்கினால்

வங்கிக் கணக்கு முடிந்தவரை அவருடைய பெயரிலேயே இருக்கட்டும். அவரால் வங்கி அலுவல் பார்க்க முடியாது என்றால் யார் எடுக்கிறார், எதற்குச் செலவாகிறது என்று எழுதி வையுங்கள். சகோதரங்களுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். காணி, வீடு அவர் பெயரில் இருந்து அதைப் பராமரிக்க வேண்டும் என்றால் மட்டும் மாவட்ட நீதிமன்றத்தில் பொறுப்பாளர் நியமிக்கும் வழக்குத் தேவைப்படலாம். உதவிப்பணத்துக்காக அதுவரை போக வேண்டியதில்லை.

கொஞ்சம் தேறி, சின்ன வேலை ஒன்று கிடைத்தால் காசை வெட்டிவிடுவார்களோ என்று பயந்து, அவரை வேலைக்கு விடாத வீடுகள் இருக்கின்றன. இது அவருக்குச் செய்யும் பெரிய தீங்கு. இரண்டு நாள் கூலிக்குப் போனதால் இயலாமை மாறிவிடுவதில்லை, பகுதியாக முடியாதவரும் சட்டத்துக்குள் அடங்குகிறார். நிலையான சம்பளம் வந்தால் அதைச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சொல்லிவிடுங்கள். நோய் திரும்பி வேலை போனால் மறுபடி விண்ணப்பிக்க அந்த நேர்மையும் பழைய பைலும் உதவும். கிளினிக்கை மட்டும் விட வேண்டாம். திகதி தவறாத கொப்பி இல்லாமல் அடுத்த மீளாய்வில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.